கைநகல் பதிவேடு

முதலில் மாப்பிள்ளையைத் துடைக்கிறார் கிருபைராஜ். பழைய பனியனைக் கிழித்து எடுத்த துணி அது. சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் துவைபட்டு, திங்கட்கிழமை டிபன் பாக்ஸின் தலைமேல் மடிந்து உட்கார்ந்து ஆபீஸுக்குத் திரும்பிவிடும். திரையை மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கோடு விழும் என்பது அவர் கட்சி. மாப்பிள்ளைக்குப் பிறகு சம்பந்தி. கடைசியில் தம்பி. தம்பிக்கு அரைத் துடைப்புதான். அவன் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ரகம் இல்லையாம்.

மூன்றும் கணினிகள். மேக் கணினிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். எதைச் செய்யப்போனாலும் அனுமதி கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கும். "வாங்கன்னு ஒரு தடவ, உள்ள வாங்கன்னு ஒரு தடவ, உக்காருங்கன்னு ஒரு தடவ. அம்புட்டும் சொன்னாத்தான் செருப்பைக் கழத்துவாரு" என்பார். விண்டோஸ்தான் சம்பந்தி. ஒரு கோப்பின் முகவரியை எழுதும்போது மற்ற இருவருக்கும் கோடு இந்தப் பக்கம் சாய்ந்தால், சம்பந்திக்கு மட்டும் அந்தப் பக்கம் சாய வேண்டும். எதையும் தனக்கென்று தனி அறையில் வைக்கச் சொல்வதும் அவர்தான். லினக்ஸ் தம்பி. பசித்தால் தானே அடுக்களைக்குள் போய்ப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வான்.

இந்த மூன்று பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது கிருபைராஜின் வேலை. பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், ஏழு பேர் வேலை பார்க்கிற மென்பொருள் கம்பெனி. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே முழு வீட்டையும் கணினித் திரையில் எழுப்பிக் காட்டுகிற மென்பொருளை இங்கே செய்கிறார்கள். முதலாளி ஹசன் அலி முன்பு மேலப்பாளையத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். தம்மாமிலும் துபாயிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள், அடுக்களை ஜன்னல் எந்தப் பக்கம் என்று போனிலேயே சண்டை போடுவதைப் பத்து வருடம் கேட்டவர். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் கம்பெனி ஆரம்பித்தார். வாடிக்கையாளர் எந்தக் கணினி வைத்திருந்தாலும் வீடு அதில் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் மாப்பிள்ளை, சம்பந்தி, தம்பி எல்லாரும்.

கிருபைராஜுக்கு வயது நாற்பத்தெட்டு. சேரன்மகாதேவியிலிருந்து காலை ரயிலில் வந்து, ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடிக்கிறார். கொக்கிரகுளம் பாலத்தைப் பஸ் தாண்டும்போது உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து நின்று ஆற்றை எட்டிப் பார்ப்பார். படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்பதை ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாகச் சொல்லிக்கொண்டே தன் இடத்துக்குப் போவார். யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒருநாள் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் என்னவோ போல் இருக்கும்.

முதன்முதலாக வேலைக்குப் போன புதிதில், தொண்ணூறுகளின் கடைசியில், அவர் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதனால் இன்றைக்கும் அவருக்குத் தமிழ் விரல் நுனியில் ஓடும். நிரலுக்குள் நடுநடுவே எழுதிவைக்கிற குறிப்புகளை மற்ற எல்லாரும் ஆங்கிலத்தில் எழுத, அவர் மட்டும் தமிழில் எழுதுவார். கணினிக்கு அந்தக் குறிப்புகள் கண்ணிலேயே படாது, பின்னால் வந்து படிக்கிற மனுஷனுக்குத்தானே, அவன் திருநெல்வேலிக்காரனாகத்தானே இருப்பான் என்பது அவர் நியாயம்.

அவர் கையாள்வது முக்கியமாக ஹெட்டர் என்கிற தலைப்புக் கோப்புகளை. அதிலும் படம் வரைகிற நிரல்களுக்கான ஹெட்டர்கள். அது என்ன வேலை என்று ஒரு கல்யாண வீட்டில் மச்சினன் கேட்டிருக்கிறார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் இவருக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "ஹெட்டர்ங்கது இலை வரிசைச் சீட்டு மாதிரிவே. அதுல சோறும் கிடையாது, குழம்பும் கிடையாது. மூணாவது இலையில யாரு, நாலாவது இலையில யாருன்னு மட்டும் எழுதியிருக்கும். பரிமாறுதவன் அதப் பாத்துத்தான் பரிமாறுவான். சீட்டு பழசா இருந்துச்சுன்னு வையும், சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாயாசம் போயிரும்." மச்சினன் யோசித்திருக்கிறார். அப்படியானால் நீர் சமைப்பதும் இல்லை, பரிமாறுவதும் இல்லை, பின்னே எதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். இதைக் கிருபைராஜே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய ஹெட்டர்கள் வெளியாகும். அவற்றை இறக்கி, மூன்று கணினிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக பில்டு செய்து, அதாவது நிரலாகக் கட்டி எழுப்பி, இன்ஸ்டால் செய்ய வேண்டும். உண்மையில் ஹெட்டரில் பில்டு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அந்தச் சடங்கைச் செய்யாமல் இன்ஸ்டால் நகராது. பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்த பிறகும் தாம்பூலம் மாற்றாமல் யாரும் எழுந்து போவதில்லையே, அதுபோல. இன்ஸ்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: எந்த இடத்தில் வைக்க? கிருபைராஜ் இடத்தைச் சொல்வார். வேலை முடிந்ததும், எந்தக் கோப்பு எங்கே போனது என்று ஒரு பட்டியலை அது எழுதிவைத்துவிடும். நாளைக்கு எடுக்க வேண்டியிருந்தால் பட்டியலைப் பார்த்து ஒன்று விடாமல் எடுத்துவிடலாம். பட்டியல் திரையில் ஓடுகிற நேரத்தில் கிருபைராஜ் பாட ஆரம்பிப்பார். சபைப் பாடகர் குழுவில் அவர் பேஸ் குரல். அந்தக் கனத்த அடிக்குரல் வரியை மட்டுமே அவருக்குத் தெரியும் என்பதால், அவர் பாடுவது எந்தப் பாட்டு என்று இதுவரை ஒருவராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கு உலகத்தில் ஆகாதது ஒன்று உண்டு. கைநகல். ஏதோ ஒரு ஹெட்டர் கிடைக்கவில்லை என்று கணினி முரண்டு பிடிக்கும்போது, நேரமில்லாதவர்கள் அதைக் கையாலேயே ஒரு நகல் எடுத்து, எங்கேயாவது ஒரு மூலையில் போட்டுவிட்டு வேலையை முடிப்பார்கள். அந்த நகல் எந்தப் பட்டியலிலும் இருக்காது. புதிய ஹெட்டர் வரும்போது பட்டியலில் உள்ளது மாறும், மூலையில் கிடப்பது மாறாது. கணினி ஹெட்டரைத் தேடுகிறபோது அந்த மூலையைத்தான் முதலில் எட்டிப் பார்த்தது என்றால், பழைய சீட்டை வைத்துக்கொண்டு புதிய பந்திக்குப் பரிமாற ஆரம்பித்துவிடும்.

இதற்காகவே அவர் ஒரு நோட்டு போட்டிருக்கிறார். நீள நோட்டு, காக்கி அட்டை. அட்டைமேல் அச்சக எழுத்துப் போலவே குண்டு குண்டாக, 'கைநகல் பதிவேடு'. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள்: தேதி, கோப்பு, காரணம், பெயர், கையொப்பம். பிடிபட்டவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். அடித்து எழுதினால் பக்கத்தில் சம்பந்தப்பட்டவரின் சுருக்கொப்பம் வேண்டும். அவருடைய அப்பா கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அடித்தல் திருத்தலில் பிள்ளை அப்பாவைவிடக் கண்டிப்பு.

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் இப்போது வேறு ஊர்களில் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். ஹசன் அலியே ஒருமுறை ஏதோ ஒரு கோப்பை இழுத்து இடம் மாற்றப்போய், முதலாளி என்றும் பாராமல் பதிவேட்டில் ஏற்றப்பட்டார். காரணக் கட்டத்தில் பதினோரு பேரும் ஒன்றுபோல 'அவசரம்' என்று எழுதியிருக்கிறார்கள். "என்ன அவசரம், ஆம்புலன்ஸா வந்து நிக்கி?" என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். கையெழுத்து எல்லாம் அவரவர் பால்பாயிண்ட் பேனாவில். கிருபைராஜின் சட்டைப் பையில் பச்சை மை ஊற்றிய ஓர் இங்க் பேனா இருக்கும். அதை யாருக்கும் தருவதில்லை. ஒரு கை பழகிய பேனா முள் இன்னொரு கைக்குப் போனால் கோணிவிடும் என்பார். செக்கில் கையெழுத்துப் போட ஹசன் அலி கேட்டபோதும், கிருபைராஜ் கீழே சைக்கிள் கடைக்குப் போய் ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்தாரே தவிர, பையில் இருந்ததைத் தொடவில்லை.

பன்னிரண்டாவது பெயர் மதுமதி.

மதுமதி இங்கே வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. சென்னையில் எட்டு வருடம் இதே வேலை பார்த்தவர். கணவருக்கு மின்வாரியத்தில் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்ததும், மகளைப் பெருமாள்புரத்தில் எல்கேஜியில் சேர்த்துவிட்டு இந்தக் கம்பெனியைத் தேடி வந்தார். இந்த ஊரில் அவர் படித்த படிப்புக்கு இதை விட்டால் வேறு கதவு இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. நிரந்தரக் கடிதம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வர வேண்டும். வராவிட்டால் குழந்தையையும் கணவரையும் இங்கே விட்டுவிட்டுப் பழைய கம்பெனிக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் அழாமல் போக ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்பதை அவர் ஒருமுறை சொன்னபோது, கிருபைராஜ் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டார். ஆற்றில் எத்தனை படி என்று சொல்லும்போது, அப்படியா அண்ணே, நேற்றைவிட ஒன்று கூடவா என்று திருப்பிக் கேட்ட ஒரே ஆள் மதுமதிதான். சென்னையில் இருந்து வந்தவருக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும் என்று கிருபைராஜ் வீட்டில் போய்ச் சொன்னார்.

மதுமதி மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது சாயங்கால வெயில். ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் சூரியன் மேற்கே சரியும், தூண்களின் நிழல் தரையில் நீளும், எந்த அறைக்குள் எவ்வளவு தூரம் வெயில் வரும் என்று தெரிந்துவிடும். போன சனிக்கிழமை நாகர்கோவிலில் இருந்து ஒரு கட்டட காண்டிராக்டர் பார்க்க வந்தார். கையில் மேக் மடிக்கணினி. அதற்கான மென்பொருளை மாப்பிள்ளையில் தயார் செய்து வைத்திருந்தார்கள். அதில் வீடு திறக்கிறதா என்று வெள்ளிக்கிழமை பார்த்தவர்கள், வெயில் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. சம்பந்தியிலும் தம்பியிலும் நன்றாக வருகிறதே என்ற தைரியம். காண்டிராக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மாடி ஏறினார், மெச்சினார், வெயில் பொத்தானை அழுத்தினார். வீடு கறுத்தது. அப்படியே மென்பொருள் தானாக மூடிக்கொண்டு போயேவிட்டது. அவர் டீயைக் குடித்து முடித்து, பார்த்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகக் கிளம்பினார். ஹசன் அலியின் முகம் சுண்டிப்போனது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கிருபைராஜ் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இதில்தான் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போன மாதம் அவர் மூன்று கணினிகளிலும் புதிய ஹெட்டர்களை இன்ஸ்டால் செய்திருந்தார். புதிய சீட்டில் வரிசை நடுவே ஓர் இலை கூடியிருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் பொது ஃபோல்டர் ஒன்றில், எந்தப் பட்டியலிலும் இல்லாத பழைய ஹெட்டர் ஒன்று தனியாகக் கிடந்தது. கணினி அதைத்தான் முதலில் பார்த்திருக்கிறது. ஓர் இலை தள்ளிப் பரிமாறியிருக்கிறது. அந்தக் கோப்பை எடுத்ததும் மாப்பிள்ளையிலும் வெயில் அழகாக விழுந்தது. கிருபைராஜ் கைநகல்களை அழிக்கிறவர் இல்லை. சாட்சியம் வேண்டும் என்று 'லாக்கப்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுவார். இதையும் போட்டார். பிறகு பதிவேட்டை எடுத்தார்.

கோப்பின் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவர் லீவு. மனைவி வழியில் ராதாபுரத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்குத்தான் இந்தப் புதிய மேக் வந்தது. பழையதைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போவதற்கு முன், அதிலிருந்ததை எல்லாம் புதியதற்கு மாற்றி வைத்தது மதுமதி.

"நான் ஃபோல்டரை அப்படியே மாத்துனேன் அண்ணே. வேற எதையும் தொடல. மாத்துன தேதிதான் எல்லாக் கோப்புலயும் இருக்கும்" என்றார் மதுமதி.

அது சரிதான் என்று கிருபைராஜுக்கும் தெரியும். ஆனால் பழைய மேக்கைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். அவர் கைநகல் வைக்க மாட்டார். ஆகவே பழையதில் கைநகல் இருந்திருக்க முடியாது. ஆகவே அது புதன்கிழமைதான் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போலப் படிப்படியாகச் சரியாக வந்தது. முதல் படியை மட்டும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

மதுமதி பதிவேட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், செய்யாததற்குக் கையெழுத்துப் போட முடியாது என்று திருப்பி வைத்தார். பதிவேட்டின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. கிருபைராஜுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தானே பச்சை மையில் தேதியையும் கோப்பையும் எழுதி, பெயர்க் கட்டத்தில் மதுமதி என்றும் எழுதினார். காரணமும் கையொப்பமும் காலியாக நின்றன. செவ்வாய், புதன், வியாழன், மூன்று காலையும் ஆற்று நிலவரத்தை எல்லா மேஜைக்கும் சொன்னவர், மதுமதியின் மேஜையை மட்டும் பேசாமல் கடந்து போனார்.

வியாழக்கிழமை காலை ஹசன் அலி அவரைக் கூப்பிட்டார். "இங்கன பாரும்வே கிருபை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு லெட்டர் குடுக்கணும். நிப்பாட்டணும்னா எனக்குக் காரணம் வேணும். கையெழுத்தும் போடலங்கீரு. உம்ம பேச்சை வச்சு ஒரு குடும்பத்தை நான் ரெண்டாக்க முடியாது. எழுத்துல குடும்."

நியாயமான பேச்சு. கிருபைராஜ் தன் இடத்துக்கு வந்து லாக்கப்பைத் திறந்தார். எந்த இடத்தில் ஓர் இலை குறைகிறது என்பதைப் பக்கத்தோடு அச்சடித்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. திங்கட்கிழமை அவர் கோப்பின் தலையில் இருக்கிற பதிப்பு எண்ணை மட்டும்தான் பார்த்தார். உள்ளே போகவில்லை. பல ஆயிரம் வரிக் கோப்பு அது. பைய உருட்டிக்கொண்டே வந்தார். வாய் தன்னால் பேஸ் வரியை முனகிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி தாண்டியதும் முனகல் நின்றது.

அத்தனை ஆங்கிலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது.

'தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டும்.'

அந்த ஆபீஸில் தமிழில் குறிப்பு எழுதுகிற ஆள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அந்தத் தட்டச்சே வராது. கிருபைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். வரி அப்படியேதான் இருந்தது.

நினைவும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர், ஒரு சனிக்கிழமை. சேரன்மகாதேவியில் அன்றைக்கு, வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப்போகிற முதல் கேரல் பவனி. குழுவில் பேஸ் குரல் மூன்றே பேர், அதில் ஒருவருக்குக் காய்ச்சல். சாயங்கால ரயிலை விட்டால் இவர் இல்லாமல் பாட்டு கிளம்பிவிடும். பழைய மேக், ஹெட்டரைக் காணோம் என்று அடம் பிடித்தது. ஒரே ஒரு கோப்பு. திங்கட்கிழமை வந்ததும் எடுத்துவிடலாம். கையால் நகல் எடுத்துப் போட்டு, உள்ளே இந்த வரியையும் தட்டிவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். ரயில் கிடைத்தது. பாட்டும் நன்றாக அமைந்தது. அந்தத் திங்கட்கிழமை மட்டும் வரவே இல்லை. அதற்குப் பிறகு வந்த ஹெட்டர்கள் எல்லாம் வரிசையின் கடைசியில்தான் இலை கூட்டின, நடுவே ஓர் இலை கூடாதவரைக்கும் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரே ஒரு வரி. அதை அழித்துவிட்டு அச்சடித்தால் ஒருவருக்கும் தெரியாது. பழைய மேக் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறதோ. விரல் அழிக்கிற விசையின் மேல் போய் உட்கார்ந்தும் விட்டது. இதைச் சொல்லாமல் விட முடியாது, சாட்சியத்தை அழிக்கிற ஆள் என்றால் கிருபைராஜே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் விரல் உட்காரத்தான் செய்தது. தலையைத் தூக்கினால் நேரெதிர் மேஜையில் மதுமதி. மகளின் பள்ளிக்கூட அடையாள அட்டை நாடா அறுந்துபோயிருந்தது போல, அதை ஸ்டேப்ளர் வைத்து இணைத்துக்கொண்டிருந்தார். கிருபைராஜ் விரலை எடுத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, அந்த வரியோடு சேர்த்துப் பக்கத்தை அச்சடித்தார்.

ஹசன் அலி காகிதத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பிறகு தூர வைத்துப் படித்தார். நிரலில் அவருக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். அவர் திட்டியிருந்தால் கிருபைராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தத் திங்கக்கிழமைவே?" என்றார்.

ஹசன் அலி மேஜை டிராயரைத் திறந்து, ஏற்கெனவே அடித்து வைத்திருந்த நிரந்தரக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கு என்ன, இன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார். நாகர்கோவில்காரரை மறுபடி கூப்பிடுவது தன் பாடு, அவரிடம் இது யார் தப்பு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, கம்பெனித் தப்பு என்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். கடைசியில், அந்தப் பிள்ளையிடம் பேச வேண்டியது மட்டும் உம் பாடு என்று முடித்தார்.

மதுமதி கடிதத்தையும் அச்சடித்த காகிதத்தையும் ஒன்றாகவே வாங்கினார். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, முதலில் காகிதத்தைத்தான் படித்தார். கிருபைராஜ், தான் செய்ததையும் சொன்னதையும் கோவையாகச் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். வாயில் வந்தது, தப்பு என்னுடையதுதான், உன்மேல் போட்டுவிட்டேன் என்கிற அளவுக்குத்தான்.

மதுமதி நிமிர்ந்து பார்த்தார். "கோப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாது அண்ணே. ஆனா என்னுது இல்லன்னு தெரியும்லா. அத நான் சொன்னேன், நீங்க கேக்கல. அதுகூடப் போகட்டும். மூணு நாளா எங்கிட்ட மட்டும் ஆத்துல எத்தன படின்னு சொல்லாமப் போனீங்கள்லா, அதுதான்."

அவர் அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கிருபைராஜ் தன் இடத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். நின்றபடியே அதை மதுமதியின் மேஜையில் விரித்தார். பன்னிரண்டாவது வரியில் மதுமதி என்ற பெயரின் குறுக்கே, ஸ்கேல் இல்லாமல், ஒரு கோடு இழுத்தார். அதன் மேலே கிருபைராஜ் என்று எழுதினார். காரணக் கட்டத்துக்கு வந்ததும், பதினோரு பேர் வரிசையாக அவசரம் என்று எழுதிவைத்திருந்தது கண்ணில் பட்டது. அதைத் தானும் எழுதுவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. 'கேரல். ரயிலுக்கு நேரமாகிவிட்டது' என்று எழுதினார். மதுமதி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். நான்கு நாளாகக் காலியாக நின்ற கட்டத்தில் கிருபைராஜ் முழுக் கையெழுத்தையும் போட்டு, கீழே தேதியும் போட்டார்.

பிறகு நோட்டை மதுமதியின் பக்கமாகத் திருப்பினார். அடித்த பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெற்று இடத்தை விரலால் காட்டினார்.

"அடிச்சு எழுதுனா சுருக்கொப்பம் வேணும்லா."

மதுமதி பால்பாயிண்ட் பேனாவைத் தேடி மேஜையைத் துழாவினார். ஃபேன் காற்றில் பக்கம் படபடத்தது. கிருபைராஜ் இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, முள் தன் பக்கம் இருக்கும்படி, மூடி கழற்றிய தன் இங்க் பேனாவை அவரிடம் நீட்டினார்.